பாதைக்கு முன் பாதம்

சர்க்யூட் போர்டு வடிவமைப்பின் வரலாற்றைப் பலரும் ஆட்டோரூட்டரின் கதையாகவே சொல்கிறார்கள்: ஆள் உட்கார்ந்து கோடு போட்டது ஒரு காலம், கணினி தானே போட்டது இன்னொரு காலம் என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. கோடு போடும் வேலை கைமாறியது உண்மை. ஆனால் தொழிலின் அறிவு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது கோட்டில் அல்ல, உதிரிபாக லைப்ரரியில்தான். அந்த லைப்ரரி ஆட்டோரூட்டருக்கு மட்டுமல்ல, திரையில் வரையும் கணினிக்கே மூத்தது.

1960களிலும் 70களிலும் போர்டு வடிவமைப்பு என்றால் அடியில் விளக்கு எரியும் மேசை, அதன்மேல் மைலார் தாள், கையில் கத்தி, கறுப்பு டேப். இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ பெரிதாக ஒட்டிப் பிறகு புகைப்பட முறையில் சுருக்குவார்கள். இரு பக்கப் போர்டு என்றால் ஒரே தாளில் ஒரு பக்கத்துக்குச் சிவப்பு டேப், மறுபக்கத்துக்கு நீல டேப். வடிகட்டிக் கண்ணாடி வைத்துப் படமெடுத்தால் இரண்டும் பிரிந்துவிடும். இதில் கோடு ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும்; கால்கள் அப்படியல்ல. 14 கால் ஐ.சி.க்குக் காலுக்குக் கால் 0.1 அங்குலம், வரிசைக்கு வரிசை 0.3 அங்குலம். இரு மடங்குத் தாளில் அது 0.2, 0.6. அதை யாரும் அளந்து அளந்து வைக்கவில்லை. அச்சிட்டு வந்த ஒட்டுப்படத்தை உரித்து ஒட்டினார்கள். பிஷப் கிராஃபிக்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு இதுவே வியாபாரம். இன்று லைப்ரரியில் ஃபுட்பிரிண்ட் என்று நாம் சொல்வது அந்த ஒட்டுப்படத்தின் பேரப்பிள்ளை.

ஆட்டோரூட்டரின் மூலக் கருத்தும் ஏறக்குறைய அதே வயதுடையதுதான். 1961இல் சி. ஒய். லீ வெளியிட்ட வழிமுறை எளிமையானது: பலகையைக் கட்டங்களாகப் பிரி, புறப்படும் காலைச் சுற்றியுள்ள கட்டங்களுக்கு 1, அவற்றைச் சுற்றி 2, பிறகு 3 என்று குளத்தில் அலை பரவுவதுபோல் எண் போட்டுக்கொண்டே போ, சேர வேண்டிய காலைத் தொட்டதும் எண்கள் இறங்கும் வழியே திரும்பி வா. வழி இருந்தால் கட்டாயம் கிடைக்கும், அதுவும் மிகக் குறுகிய வழி. விலைதான் அதிகம். 10 அங்குலச் சதுரப் பலகையை 0.1 அங்குலக் கட்டங்களாக்கினால் ஓர் அடுக்குக்கு 10,000 கட்டம், 0.025 அங்குலமாக்கினால் 1,60,000. அன்றைய கணினி நினைவகத்துக்கு இது பெரும் சுமை. 1969இல் ஹைடவர், கட்டங்களை எண்ணாமல் நேர்கோடுகளை நீட்டித் தேடும் வழியைச் சொன்னது இதனால்தான். நினைவகத்தைவிட ஆழமான சிக்கல் வேறு: முதலில் போட்ட தடம் அடுத்த தடத்துக்குச் சுவராகிவிடும். எந்த இணைப்பை முதலில் போடுவது, எந்த ஐ.சி.யை எங்கே வைப்பது என்பதற்கு அலையிடம் பதில் இல்லை.

பிற்கால ஆட்டோரூட்டர்கள் இதைத் தாண்டிவிட்டனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூப்பர் அண்ட் சியான் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரா கட்டங்களையே விட்டுவிட்டு வடிவங்களாகப் பார்த்தது. போட்ட தடத்தைப் பிய்த்து மறுபடி போடும் வித்தையில் தேர்ந்தது. 1997இல் கேடன்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது சும்மா அல்ல. ஆனால் இடைவெளி எவ்வளவு, எந்தத் தடம் அகலம், எந்த இரண்டு ஜோடியாக ஓட வேண்டும் என்ற விதிகளை மனிதர் எழுதிக் கொடுத்தால்தான் அதன் திறமை வெளிப்படும். சரி, ஃபுட்பிரிண்டுக்கும் தரநிலை வந்துவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. 2005இல் வந்த ஐபிசி-7351 சூத்திரத்தோடு அளவைத் தருகிறது, உண்மை. கூடவே ஒரே உறுப்புக்குத் தாராளம், நடுத்தரம், நெருக்கம் என மூன்று அளவும் தருகிறது. கையால் சால்டர் வைக்கும் பட்டறைக்கு எது, இடமே இல்லாத கைப்பேசிக்கு எது என்று தேர்ந்தெடுப்பவர் தனக்கென ஒரு லைப்ரரியைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

சிறு டிரான்சிஸ்டர் ஒன்றைப் பார்த்தால் போதும். பிசி547, 2என்3904 இரண்டும் ஒரே டிஓ-92 உறை, அதே மூன்று கால். தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்தால் முதலாவதில் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். இரண்டாவதில் எமிட்டர், பேஸ், கலெக்டர். லைப்ரரியில் ஒன்றின் கால் வரிசையை மற்றதற்குக் கொடுத்துவிட்டால் ஆட்டோரூட்டர் முகம் சுளிக்காது. எல்லா இணைப்பும் முடிந்தது என்று காட்டும். விதிச் சோதனையும் தேறிவிடும். இந்த ஒரு பிழைக்கு மட்டும் சுலபமான பரிகாரம் உண்டு: டிரான்சிஸ்டரைத் திருப்பி மாட்டலாம். போர்டில் அச்சிட்ட அரைவட்டம் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.