ஆக்கியோரும் உடையோரும்: கணினி விளையாட்டுத் தொழிலில் இரு வழக்குகள்
கணினி விளையாட்டுத் தொழிலில் ஆக்கியோர்க்கும் வெளியீட்டாளர்க்கும் இடையிலான பிணக்கு அத்தொழிலின் தொடக்க காலத்திலேயே தோன்றிவிட்டது. கலிபோர்ணியாவின் அட்டாரி நிறுவனம் தன் நிரலாளரின் பெயர்களை வெளியிடவில்லை. விற்பனையில் பங்கும் அளிக்கவில்லை. மனக்குறையுற்று விலகிய டேவிட் கிரேன் முதலிய நால்வர், 1979இல் அக்டிவிஷன் நிறுவனம் உருவாகக் காரணராயினர். அட்டாரி தொடுத்த வழக்கு 1982இல் இணக்கத்தில் முடிந்தது.

காலப்போக்கில் உரிமையாளரும் நிருவாகமும் மாறிய அக்டிவிஷன், முப்பது ஆண்டுகளின் பின் எதிர்நிலையில் நின்றது. அதற்குச் சொந்தமான இன்பினிற்றி வோட் ஆக்கக்கூடம் 2009 நவம்பரில் வெளியிட்ட ‘மொடேர்ன் வோர்பெயார் 2’ ஐந்து நாள்களில் 55 கோடி டொலர் ஈட்டியது. எனினும், 2010 மார்ச்சில் அக்கூடத்தின் தலைவர்களான ஜேசன் வெஸ்ட், வின்ஸ் சம்பெல்லா ஆகிய இருவரும் நீக்கப்பட்டனர். அவர்கள் ஒப்பந்தத்தை மீறினர் என்றது நிறுவனம். தமக்குரிய பங்கை மறுப்பதற்கான உபாயமே இது என்று அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2008ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அவ்விளையாட்டின் ஆக்கப்பொறுப்பைத் தமக்கே அளித்தது என்பதும் அவர்களது வாதமாகும். 2012 மே மாதம், விசாரணை தொடங்குமுன்னரே சமரசம் ஏற்பட்டது. அதன் நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை.

ஆக்க அதிகாரம் பற்றிய வினா இவ்வாறு தீர்ப்பின்றியே நின்றுவிட்டது. அட்டாரியில் ஆக்கியவை அட்டாரிக்கே உரியவாயின. ‘மொடேர்ன் வோர்பெயார்’ அக்டிவிஷனிடமே தங்கியது. விலகியோர் இரு தடவையும் புதிய நிறுவனம் கண்டனர். ஆயின் அவர்கள் உடன்கொண்டு சென்றது தமது திறனை மட்டுமே. ஒப்பந்தம் ஊதியத்திற்குக் காப்பளிக்கலாம். உடைமை எவரிடமோ, இறுதிச் சொல்லும் அவரிடமே என்பதை இவ்விரு வழக்குகளும் உணர்த்துகின்றன.