மாட்டுத்தாவணியும் நிலாக் கணக்கும்

மாட்டுத்தாவணி என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் பஸ் நிலையம்தான். 1999-ல் அது வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பேரில் மாடு இருப்பதே காதில் விழாது. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் கயிறு. அப்படிக் கட்டி நிறுத்தி விற்கும் இடத்துக்கும் அதுவே பேராயிற்று. சித்திரைத் திருவிழாவை ஒட்டி இந்தப் பக்கம் பெரிய மாட்டுச்சந்தை கூடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என் தாத்தா மேலூர்ப் பக்கத்துக்காரர். சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவர்கள் பகல் வெயிலில் நடக்க மாட்டார்கள் என்பார். மாடும் சோரும், விலையும் இறங்கும். அதனால் இராத்திரி நடை. கையில் அரிக்கேன் விளக்கு இருந்தாலும் நம்பியது நிலாவைத்தான். அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: வளர்பிறையில் சாப்பிட்ட கையோடு கிளம்பு, தேய்பிறையில் தூங்கி எழுந்து கிளம்பு.

இந்த விதிக்குப் பின்னால் நல்ல கணக்கு இருக்கிறது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வானம் ஒரு சுற்றுச் சுற்ற 60 நாழிகை. ஒரு சுற்று 360 பாகை. ஆக நாழிகைக்கு 6 பாகை. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. அப்படியானால் ஒரு திதிக்கு 2 நாழிகை, அதாவது 48 நிமிடம். நிலா நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக வருகிறது என்று இன்றைய புத்தகங்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

வளர்பிறையில் திதியை இரண்டால் பெருக்கினால், சூரியன் மறைந்து அத்தனை நாழிகை கழித்து நிலா மறையும். பஞ்சமி என்றால் 10 நாழிகை, நான்கு மணி நேரம். இரவு பத்து மணி வரை வெளிச்சம் உண்டு. தேய்பிறையில் அதே பெருக்கல், ஆனால் அது உதிக்கும் நேரம். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்கள் ஒன்பது மணி வாக்கில் மொட்டை மாடியில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பதன் காரணம் இதுதான். நாலிரண்டு எட்டு நாழிகை, மூன்று மணிக்குச் சற்று மேல்.

மாதம் முழுவதையும் இப்படியே ஓட்டிப் பாருங்கள். அமாவாசையன்று நிலா சூரியனோடு எழுந்து சூரியனோடு அடங்கும். மூன்றாம் பிறை மேற்கே கொஞ்ச நேரம் தலைகாட்டிப் போய்விடும். கோரிப்பாளையத்தில் ரம்ஜான் பிறை பார்க்கிறவர்களுக்கு அதைவிடக் குறைவான நேரம்தான் கிடைக்கும். வளர்பிறை அஷ்டமியில் நண்பகலில் உதித்து நள்ளிரவில் மறையும். பௌர்ணமியில் சூரியன் விழ நிலா எழும். தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவில் உதித்து மறுநாள் நண்பகலில் மறையும். சதுர்த்தசியில் விடியலுக்குச் சற்று முன் கிழக்கே கீற்றாகத் தெரியும். நிலா உதய நேரம் போட்டிருக்கும் அட்டவணையைப் பார்த்தால் மாதத்தில் ஒரு நாள் நேரம் இல்லாமல் வெறும் கோடு இருக்கும். அச்சுப் பிழை அல்ல. முதல் நாள் இரவு 11.40-க்கு உதித்த நிலா அடுத்து உதிக்க 12.30 ஆகிவிடும். அதற்குள் தேதி ஒன்று தாண்டிவிடும்.

மதுரையின் பெரிய விழாக்கள் பலவும் பௌர்ணமியைச் சுற்றி அமைந்ததில் வியப்பில்லை. தெப்பக்குளத்தில் தெப்பம் தைப்பூசத்தில். அழகர் ஆற்றில் இறங்குவது சித்திரா பௌர்ணமியில். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றி அழகர் வருகையோடு சேர்த்தார் என்பது நம் ஊரில் வழங்கும் வரலாறு. அறுவடை முடிந்து கையில் காசும் ஓய்வும் இருக்கும் காலம் என்று காரணம் சொல்வார்கள். இரவு முழுக்க நிலா இருக்கும் காலம் என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். மூன்றுமாவடி, புதூர் வழியாக வண்டி கட்டி வந்த ஜனங்களுக்கு அது சின்ன விஷயமா? இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் பர்மிங்காம் ஊர்ப் படிப்பாளிகள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பௌர்ணமியை ஒட்டியே கூடுவார்கள், இரவில் வீடு திரும்ப வெளிச்சம் வேண்டுமே. அதனால் சங்கத்துக்கே 'லூனார்' என்று பெயர் வந்தது.

பௌர்ணமி விழாவுக்கு என்றால், அஷ்டமி மதுரையின் துக்கத்துக்கு. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் ஊர் எரியும் நாளைச் சொல்கிறது: ஆடி மாதம், தேய்பிறை, கார்த்திகை நட்சத்திரம், அஷ்டமி, வெள்ளிக்கிழமை. இந்த ஐந்தையும் பிடித்துக்கொண்டு எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கணக்குப் போட்டார். இந்திய நாள் கணக்குக்கு அட்டவணை அட்டவணையாக எழுதி வைத்துப் போன மகான் அவர். அவருக்குக் கிடைத்த விடை கி.பி. 756, ஜூலை 23. நானும் ஒரு நாள் உட்கார்ந்து கிழமையைப் போட்டுப் பார்த்தேன். வெள்ளிதான். ஆனால் காப்பியத்தின் காலத்தைப் பற்றி அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. நிலாக் கணக்கு இந்தச் சேர்க்கை எந்தெந்த ஆண்டுகளில் நேரும் என்று சொல்லுமே தவிர, அவற்றில் எது என்று சொல்லாது. ஒன்று மட்டும் உறுதி. அன்று முன்னிரவு முழுக்க இருட்டு, நள்ளிரவுக்குத்தான் அரை நிலா.

இனி நம் பஞ்சாங்கக்காரர்களைப் பற்றி. 1825-ல் ஜான் வாரன் என்பவர் 'கால சங்கலிதம்' என்ற பெரிய புத்தகத்தைச் சென்னையில் அச்சிட்டார். ஒரு காலத்தில் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பில் இருந்தவர். அவர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்த மனிதர் தாளும் பேனாவும் இல்லாமல், தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியும், மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு அந்த வருஷம் மே 31, ஜூன் 1 இரவில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். ஆரம்பம் 4 நிமிடம்தான் தவறியது. நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். சோழிக் கணக்குக்கு இது எப்பேர்ப்பட்ட காரியம்!

அந்த வாக்கியங்கள் மொத்தம் 248. எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்துக் கட்டியவை. வரருசி செய்தது என்பது மரபு. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து மறுபடி அருகில் வர இருபத்தேழரை நாளுக்குச் சற்று மேல். அப்படி ஒன்பது முறை வந்தால் சரியாக 248 நாள். நாளுக்கு ஒரு வாக்கியம். முடிந்ததும் முதலிலிருந்து.

பின்னால் அதே வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, தொலைநோக்கியில் காண்பதோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டவர். பழைய கணக்கை விட மனமில்லாதவர்கள் எதிர்த்தார்கள். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு கட்சி இன்னும் தீரவில்லை. பௌர்ணமி, அமாவாசைப் பக்கம் இரண்டும் ஏறக்குறைய ஒட்டிப் போகும். சூரியன் சந்திரனை இழுப்பதால் வரும் திருத்தம் ஒன்று வாக்கியத்தில் இல்லை. அந்த விடுதல் அஷ்டமிப் பக்கம்தான் பெரிதாகத் தெரியும், சில மணி நேரம்கூட விலகும். புதுச்சேரிக்காரரின் கிரகணம் அவ்வளவு நெருங்கி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இது எனக்கு வெறும் ஏட்டு விஷயம் அல்ல. எங்கள் அப்பா தவறியது தேய்பிறை அஷ்டமியில். சில வருஷங்களில் வாக்கியப்படி ஒரு நாள், திருக்கணிதப்படி முதல் நாள். நான் பாம்புப் பஞ்சாங்கம், தம்பி திருக்கணிதம். ஒரு வருஷம் அவன் அவன் வீட்டில் செய்தான், நான் என் வீட்டில் செய்தேன். அம்மா இரண்டு இலையிலும் உட்காரவில்லை. "உங்க அப்பாவை ரெண்டா வெட்டாதீங்கடா" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அப்பா பார்த்த பஞ்சாங்கம் எதுவோ அதன்படி, ஒரே வீட்டில், இரண்டு பேரும் சேர்ந்து செய்கிறோம். தம்பி அன்று காலை பத்து மணிக்கு என்னை மாடிக்குக் கூட்டிப்போவான். மேற்கே வெளுத்துப்போன அரை நிலா நிற்கும். எந்தப் பஞ்சாங்கத்துக்கும் அது பொதுதானே.