காற்றுக்குக் காவலர் யார்?

பாடாலூர்! திருச்சியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையிலே, பெரம்பலூரை எட்டுமுன் எதிர்ப்படும் ஊர். அருகே காரை, சற்றுத் தள்ளி ஊட்டத்தூர். அந்த வட்டாரத்து மண்ணைக் கிளறினால் கடற்சிப்பி கல்லாகக் கிடைக்கும். சுருண்ட நத்தை போன்ற கடலுயிரின் வடிவம் பாறையிலே பதிந்திருக்கும். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே கடல் அலைமோதியது என்பதற்கு அந்தக் கற்களே சாட்சி. 1860களிலே பிளான்போர்டு என்ற நிலவியல் அறிஞர் ஆராய்ந்தெழுதிய நாள்முதல், ஊட்டத்தூரின் பெயரையே அந்தப் பாறைகளுக்குச் சூட்டி உலகத்து அறிஞர்கள் பேசுகின்றனர்.

ஆனால், மாலை வேளையில் அதே வட்டாரத்து வீடுகளிலே தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்தால், அங்கே பேசப்படும் கல் வேறு! ராசிக்கல்! மோதிரத்திலே பதித்தால் கடன் தீருமாம், காரியம் கைகூடுமாம், கன்னிக்கு மணம் முடியுமாம்! காலடியிலே உண்மை பேசும் கல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. கூடத்திலே பொய் பேசும் கல் கூவிக்கூவி விற்கப்படுகிறது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, தோழர்களே! 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஆறாவது விதி, மூடநம்பிக்கையையும் குருட்டு நம்பிக்கையையும் வளர்க்கும் நிகழ்ச்சி கூடாது என்கிறது. ஏழாவது விதி, ஒரு சரக்குக்கு அற்புத ஆற்றல், தெய்வீக ஆற்றல் உண்டென்று மக்களை எண்ணச் செய்யும் விளம்பரம் கூடாது என்கிறது. விதி இருக்கிறது, விதியைக் காப்பவர் யார்? காற்றிலே வரும் சொல்லைக் கண்காணிக்கும் பொறுப்பு எவரிடம்? அந்தப் பொறுப்பிலே, கேட்கும் மக்களுக்குப் பங்கு உண்டா? இந்தக் கேள்விக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதைச் சற்றே புரட்டுவோம்.

1924ஆம் ஆண்டு. சென்னையிலே சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் மாகாண வானொலிக் கழகம் எழுந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. சர்க்கார் செய்யவில்லை, ஆர்வலர் கூடிச் செய்தனர். 1927இல் பணமின்றிக் கழகம் படுத்தது. ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியிடம் வந்தது. 1930 ஏப்ரலில் மாநகராட்சியே வானொலி நடத்தலாயிற்று. எண்ணிப் பாருங்கள்: குப்பை அள்ளும், குடிநீர் வழங்கும், பள்ளி நடத்தும் ஒரு நகர மன்றம், இசையையும் உரையையும் காற்றிலே ஏற்றி மக்களுக்கு வழங்கிற்று! வாக்களித்தவன் தன் வட்டார உறுப்பினரைப் பார்த்து, ‘ஏன் இப்படிப்பட்ட நிகழ்ச்சி?’ என்று கேட்கக்கூடிய தொலைவிலே வானொலி இருந்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. மாநகராட்சியின் வானொலி முடிவுற்றது. மறு ஆண்டு மே 16இல் திருச்சி நிலையம் வந்தது. நிலையங்கள் நம் மண்ணிலே, கடிவாளம் டில்லியிலே!

இதிலே விந்தை ஒன்று உண்டு. வெள்ளையன் இயற்றிய 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின் 129ஆவது பிரிவு, ஒலிபரப்பு நிலையம் அமைக்கவும் நடத்தவும் ஒரு மாகாணம் கேட்டால், மத்திய அரசாங்கம் தக்க காரணமின்றி மறுத்தல் ஆகாது என்றது. அவ்வாண்டிலேயே வடமேற்கு எல்லைப்புறத்துப் பேஷாவரில் மாகாண சர்க்கார் கிராமத்தாருக்காக வானொலி நடத்தியது. மைசூரிலே பேராசிரியர் கோபாலசாமி ஒரு நிலையம் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் அங்கே பிறந்ததுதான். ஐதராபாத்து நிஜாமும் திருவிதாங்கூர் மன்னரும் கூடத் தங்களுக்கென நிலையம் வைத்திருந்தனர்.

விடுதலை வந்தது. 1950இல் அரசியல் சட்டம் வந்தது. ஒலிபரப்பு, தபால் தந்தியோடும் தொலைபேசியோடும் சேர்த்து, மத்தியப் பட்டியலின் 31ஆவது இனமாக அடைக்கப்பட்டது. 129ஆவது பிரிவு இருந்த இடம் தெரியவில்லை! முடிமன்னனுக்கு இருந்த உரிமை, மக்கள் தேர்ந்தெடுத்த மாநில ஆட்சிக்கு இல்லை. அடிமை நாட்டிலே எழுதப்பட்ட சலுகை, குடியரசிலே காணாமற் போயிற்று. முரண்பாடு அன்றோ இது?

நன்மையே இல்லை என்று நாம் கூறவில்லை. உள்ளூர் மொழியில், உள்ளூர்ப் பயிரைப் பற்றிப் பேசினால் வானொலி என்ன செய்யும் என்பதைத் திருச்சி நிலையமே காட்டியது. 1960களின் நடுவிலே ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைப் பற்றி அந்நிலையம் உழவரிடம் இடைவிடாது எடுத்துரைத்தது; தஞ்சை உழவர்கள் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர்! அறிவு காற்றிலே வந்தது, கழனியிலே விளைந்தது. அதே காற்றிலே மூடத்தனம் வந்தால், அதுவும் விளையத்தானே செய்யும்?

சர்க்காரின் பிடியிலிருந்து வானொலியை விடுவிக்க வேண்டும் என்று 1966இல் சந்தா குழு கூறியது. 1978இல் வர்கீஸ் குழு கூறியது. 1990இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. ஏழாண்டு உறங்கி, 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையே 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், காற்றலை பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. அதை ஆள்வது, எல்லாத் தரப்பினரும் இடம்பெறும் பொது அமைப்பாக இருக்க வேண்டும் என்றது.

பிரசார் பாரதி சட்டத்திலே, முறையீடுகளைக் கேட்க ஒலிபரப்பு மன்றம் ஒன்று பேசப்படுகிறது. அம்மன்றம், தேவையென்று கருதினால், தனக்குத் துணையாக வட்டார மன்றங்களை அமைக்கலாம் என்கிறது சட்டம். அமைக்க‘லாம்’! அமைக்க ‘வேண்டும்’ அல்ல. ஒரு சொல்லின் ஈற்றிலே ஒரு நாட்டின் உரிமை தொங்குகிறது.

கடல் கடந்து பார்ப்போம். பிரிட்டனிலே வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றையும் ஒழுங்குபடுத்தும் ஆப்காம் என்ற அமைப்பு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆலோசனைக் குழுவை வைத்தே தீரவேண்டும் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. அங்கே ‘வேண்டும்’, இங்கே ‘லாம்’! தமிழகத்தின் மக்கள்தொகையோ ஸ்காட்லாந்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

ஜெர்மனி இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதிபர் அடினோர் 1960இல் மத்திய சர்க்காரின் தொலைக்காட்சி ஒன்றை நிறுவ முயன்றார். மாநிலங்கள் வழக்கு மன்றம் ஏறின. 1961 பிப்ரவரி 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது: ஒலிபரப்பு மாநிலங்களின் உரிமை, அதே வேளை, எந்த சர்க்காரின் கைக்குள்ளும் அது அடங்கல் ஆகாது. வானொலியை ஒரே வாயாக்கி இட்லர் நடத்திய கொடுங்கோன்மையைக் கண்ட நாடல்லவா! அங்கே நிலையங்களை மேற்பார்க்கும் மன்றங்களிலே தொழிற்சங்கம், மாதர் அமைப்பு, சமயச் சபை என்று பல தரப்பினர் அமர்ந்திருக்கின்றனர்.

அந்தத் தீர்ப்பின் இரண்டாம் பகுதியை நம்மவரும் மறத்தல் கூடாது. தமிழ்நாடு அரசு 2007இல் கேபிள் தொலைக்காட்சிக் கழகம் அமைத்தது. 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தரலாயிற்று. டிஜிட்டல் உரிமத்துக்கு 2012இல் விண்ணப்பித்த அக்கழகம், 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. சர்க்கார்கள் இத்தொழிலில் இறங்கலாகாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்திருந்தது. ஒரு மாநிலம் ஐந்தாண்டு வாயிலிலே நிற்பது மானக்கேடு, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், டில்லியின் கையிலிருந்த கடிவாளம் கோட்டையின் கைக்கு வந்துவிட்டால் மட்டும் பாடாலூர் உழவனின் குரல் ஏறிவிடுமா? ஆட்சிக்கு ஆட்சி மாறும் வாய், மக்களின் வாய் ஆகாது. நாம் கேட்பது ஆள்வோருக்கு இன்னொரு குழல் அன்று; கேட்போருக்கு ஓர் இருக்கை!

அந்த இருக்கை சிறிதளவேனும் இருக்கிறதா? இருக்கிறது. மாநில, மாவட்ட அளவிலே தொலைக்காட்சிக் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கும்படி மத்திய சர்க்கார் 2005இல் ஆணையிட்டது. 2008இல் வழிமுறை வகுத்தது. மாவட்ட ஆட்சியர் தலைவர். காவல்துறைக் கண்காணிப்பாளர், மகளிர் கல்லூரி முதல்வர், பெண்கள் நலத்துக்கும் குழந்தைகள் நலத்துக்கும் பாடுபடும் அமைப்பினர் முதலானோர் உறுப்பினர். 2021இல் மூன்றடுக்கு முறையும் வந்தது: முதலில் நிலையத்துக்கே முறையீடு, அது 15 நாளில் விடையளிக்க வேண்டும். அடுத்து, ஒளிபரப்பாளரின் தற்கட்டுப்பாட்டு அமைப்பு. இறுதியில் மத்திய சர்க்கார். மூன்று படி, மூன்றிலும் மாநிலத்துக்கு இடமில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குறையுள்ள ஏற்பாடுதான், ஆலோசனை கூறும் அதிகாரம், ஆணையிடும் அதிகாரம் அன்று. ஆனால், கைக்கெட்டிய கருவியைத் துருப்பிடிக்க விட்டுவிட்டு, எட்டாத கருவிக்காக ஏங்குவது பகுத்தறிவு ஆகாது. ராசிக்கல் விற்கும் நிகழ்ச்சியைக் கண்டால், முகம் சுளித்துப் பெட்டியை மூடுவது எளிது. நாளும் நேரமும் நிலையத்தின் பெயரும் குறித்து, ஆறாவது விதியையும் ஏழாவது விதியையும் சுட்டி, நிலையத்துக்கு ஒரு மடல், ஆட்சியருக்கு ஒரு மடல் எழுதுவது செயல். ஒரு மடலைக் குப்பைக்கூடை விழுங்கும். ஓர் ஊரின் மடல்களை விழுங்க அதற்கு வயிறு போதாது. அந்த மடல்களின் எண்ணிக்கையே, ‘லாம்’ என்பதை ‘வேண்டும்’ என்று மாற்றக் கோரும் நாளில் நமக்குச் சான்றாக நிற்கும்.

பாடாலூர் வட்டாரத்து இளைஞர்களே! வீட்டுத் தம்பி தங்கையரை அழைத்துச் செல்லுங்கள். ஓடைக்கரையிலே கிடக்கும் கற்சிப்பியைக் கையிலே எடுத்துக் காட்டுங்கள். ‘இந்தக் கல் கடனைத் தீர்க்காது, இங்கே கடல் இருந்த கதையைச் சொல்லும்’ என்று கூறுங்கள். பின்னர் வீடு திரும்பி, மடலை எழுத அமருங்கள்.

காற்று எல்லோருக்கும் சொந்தம் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. சொந்தக்காரன் விழித்திருக்கிறான் என்பதை நாம் காட்ட வேண்டும்.