ஏழு ஜன்னல்களுக்கு ஒரு பாவு

ஆரணியில் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஏழு ஜன்னல்கள். பூச்சுவேலை முடிவதற்கு முன்பே திரைச்சீலைக் கணக்கைத் தொடங்கிவிட்டேன். கடன் பத்திரத்தில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் தெருவில் எல்லோரும் "சார் வீடு கட்றார்" என்றுதான் சொல்கிறார்கள். திரைச்சீலை மட்டுமாவது என் முடிவாக இருக்கட்டும். பாலியெஸ்டர் வேண்டாம், கைத்தறியில் நெய்ததாக வேண்டும். பட்டுத் தறிகள் நிறைந்த ஊரில் இதில் என்ன சிரமம் என்று நினைத்தேன்.

இரண்டு தெரு தள்ளித் தறி வைத்திருக்கும் அக்காவிடம் அளவுச்சீட்டோடு போனேன். அவர் சிரித்துவிட்டார். "பட்டு வெயில் தாங்காது டீச்சர். ரெண்டு மூணு கோடையில நைஞ்சு போயிடும்." பருத்தியில் நெய்து தாருங்களேன் என்றேன். என்னைத் தறிக்குழிப் பக்கம் கூட்டிப்போய் அச்சைக் காட்டினார். மெல்லிய பட்டு இழைக்கான நெருக்கமான அச்சு அது. தடித்த பருத்தி இழைக்கு வேறு அச்சு வேண்டும், வேறு விழுது வேண்டும். புதிதாகப் பாவு ஓட்டி ஒவ்வோர் இழையாகக் கோக்கவும் வேண்டும். ஏழு ஜன்னலுக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

அங்கேயே உட்கார்ந்து இருவரும் கணக்குப் போட்டோம். ஜன்னல் நான்கடி அகலம். மடிப்பு விழ வேண்டுமானால் துணி அதைப்போல இரண்டு பங்கு வேண்டும். சேலைத் தறியின் அகலம் ஏறக்குறைய 48 அங்குலம் என்பதால் ஜன்னலுக்கு இரண்டு துண்டு. மடித்துத் தைப்பதையும் சேர்த்துத் துண்டுக்கு ஐந்தரை அடி நீளம். மொத்தம் 77 அடி, 24 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. "நாலேகால் சேலை" என்று அக்கா மனக்கணக்கில் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை தார் சுற்றிக்கொண்டிருந்தது. தறியில் அவரும் உட்காருகிறார். பாவு பிணைப்பதும் அவர்தான். சங்க உறுப்பினர் அட்டை மட்டும் கணவர் பெயரில்.

பாடநூல் வரலாற்றில் ஆரணி ஒரு போர்க்களம். 1751இல் கிளைவ் இங்கே ராஜா சாகிப்பின் படையை வென்றதையும், 1782இல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதியதையும் படித்திருக்கிறோம். அந்தப் பக்கங்களில் ஒரு தறிகூட இல்லை.

இலக்கியம் கொஞ்சம் பரவாயில்லை. புறநானூற்றில் சிறு விளக்கொளியில் இரவில் எழுந்து பஞ்சு வேலை பார்க்கும் பெண் இருக்கிறாள். நற்றிணையின் 353ஆம் பாட்டு, ஆண் துணையற்ற பெண்கள் தம் உழைப்பால் நூற்ற நூலை மலைமேல் படியும் மேகத்துக்கு உவமையாக்குகிறது. வகுப்பில் இதை நடத்தும்போது உவமையின் அழகைத்தான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்களுக்கு நூற்பதுதான் சோறு என்பதை ஒரு மாணவி கேட்ட பிறகே அழுத்திச் சொல்லத் தொடங்கினேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் தறி இறை வருகிறது. தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசு எண்ணியது. தறிக்கு முன்னால் நடக்கும் வேலையைச் செய்தவர்களை அந்த எண்ணிக்கையில் தேட முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலைநூல் வந்து இறங்கியபோது முதலில் அடிபட்டதும் அந்த வேலைதான். நெசவாளர் பலர் ஆலைநூலை வாங்கி நெய்து ஒருவாறு தாக்குப்பிடித்தார்கள். கையால் நூற்ற பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. கைத்தறியின் வீழ்ச்சி என்று நாம் எழுதும்போது நெய்பவனின் பசியைத்தான் எழுதுகிறோம். அதற்கு முன்பே ராட்டை நின்றுபோன வீடுகள் இருந்தன.

திரைச்சீலைக்கும் ஒரு வரலாறு உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் மேடைக்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள். அங்கே திரை பெண்ணை வெளியே காட்டுவதற்காக. 1885இல் சென்னையில் தொடங்கிய மருத்துவமனையின் பெயரிலேயே சாதிப் பெண்களும் கோஷாப் பெண்களும் இருந்தார்கள். திரைக்குப் பின்னே வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் வரமாட்டார்கள் என்பதால் மேரி ஷார்லீப் முன்னின்று அதை உருவாக்கினார். திருவல்லிக்கேணியில் இன்று அது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. பழைய ஆட்களுக்கு இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

ஜெர்மனியில் 1919இல் தொடங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளி பெண்களுக்கும் சம இடம் என்றது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே அனுப்பியது. கண்ணாடி வேலை கற்க விரும்பிய அன்னி ஆல்பர்ஸ் அப்படித்தான் தறிக்கு வந்தார். 1944இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் விருந்தினர் இல்லத்துக்குத் திரைத்துணி வடிவமைத்தார். 1949இல் அங்குள்ள நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய நெசவுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தது. ஒதுக்கிவிட்ட மூலையிலிருந்து அவ்வளவு தூரம் போக அவருக்குத் துணி மட்டும் போதவில்லை, அதில் தன் பெயரும் இருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு (2019–20) 35 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கண்டது. அவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஊருக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

கிளம்பும்போதுதான் கவனித்தேன். தறி இருந்த அறையின் ஜன்னலில் ஒரு பழைய நூல்சேலை கட்டியிருந்தது. பாவின்மேல் நேர்வெயில் விழக்கூடாதே. நான்கைந்து இடத்தில் ஒட்டுப்போட்டது, கரை வெளுத்தது. அறை முழுக்க இதமான மங்கல் வெளிச்சம். "என் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் எடுத்தது" என்றார் அக்கா.

வீட்டுத் திரைத்துணிக்குப் பெயர்போன கரூரில், கைத்தறியிலேயே நெய்யும் ஓரிடம் கண்டுபிடித்து 24 மீட்டர் சொல்லியாகிவிட்டது. சாயம் ஏற்றாத பருத்தி, ஓரத்தில் மட்டும் இண்டிகோ கோடு. நெய்பவர் பெயரோடு பாவு ஓட்டுபவர், தார் சுற்றுபவர் பெயர்களையும் கேட்டேன். ரசீதில் அதற்குக் கட்டம் இல்லை மேடம் என்றார் விற்பனைக்காரர். பின்பக்கம் எழுதித் தாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.