இறைச்சிக்காகப் பிறந்த குளிர்

வடசேரிச் சந்தைக்கு வரும் மீன்பெட்டியில் கிடக்கும் ஐஸுக்கும், டொராண்டோ ஏரிக்கரையில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் ஐஸுக்கும் பூர்வீகம் ஒன்றுதான். நம் கடற்கரை ஐஸ் கம்பெனிகளில் அம்மோனியாவால் குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டிக்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய டின்களை இறக்கி வைப்பார்கள். உப்புநீர் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாது. டின்னில் இருக்கும் தண்ணீர் கட்டியாகிவிடும். சறுக்குத் தளத்தில் குளிர்ந்த திரவம் தரைக்கடியில் குழாய்களில் ஓடுகிறது, மேலே விட்ட தண்ணீர் உறைகிறது.

இப்படி ஒரு சறுக்குத் தளத்தைச் செய்து காட்டிய ஜான் காம்ஜி ஒரு கால்நடை மருத்துவர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இறைச்சியைக் கெடாமல் இங்கிலாந்துக்குக் கொண்டுவர வழி தேடிக்கொண்டிருந்தவர். அதற்கு முன்பே, 1840-களில், லண்டனில் பன்றிக் கொழுப்பையும் உப்புகளையும் கலந்து ஒரு போலித் தளம் போட்டிருந்தார்கள். நாற்றத்தில் ஆள் நிற்க முடியவில்லை.

காம்ஜியின் ‘கிளேசியேரியம்’ 1876 ஜனவரி 7 அன்று லண்டன் செல்சியில் திறந்தது. அடியில் கான்கிரீட், அதன்மேல் மண், மாட்டு முடி, மரப்பலகை. பலகைமேல் நீள்வட்டச் செம்புக் குழாய்கள். அவற்றுக்குள் கிளிசரினும் ஈதரும் கலந்த கரைசல். எனக்கு இதில் மிகப் பிடித்தது அந்த மாட்டு முடிதான். நிலத்தின் சூடு மேலேறி ஐஸைத் தொடாமல் தடுக்க, விலங்கின் உடம்பைக் குளிரிலிருந்து காக்கும் பொருளையே ஒரு கால்நடை மருத்துவர் எடுத்திருக்கிறார்! ஆனால் மூடிய மண்டபத்தில் ஐஸிலிருந்து மூடுபனி கிளம்பியது. கூட்டம் குறைந்து, அந்த வருஷத்துக்குள்ளேயே மூடிவிட்டார்கள். இறைச்சி 1880-இல்தான் ‘ஸ்ட்ராத்லெவன்’ கப்பலில் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்தபடி லண்டன் சேர்ந்தது. விளையாட்டு அதை முந்திவிட்டது.

வெட்டவெளித் தளத்தில் மூடுபனியைக் காற்று கொண்டுபோய்விடும். அங்கே வெயிலும் மழையும்தான் பகை. அதைவிடப் பெரிய சிக்கல், குளிர்காலம் முடிந்த பிறகு அந்த இடத்தை என்ன செய்வது என்பது. டொராண்டோவின் கிழக்குக் கரை, தொழிற்கூடங்கள் இருந்து கைவிடப்பட்ட நிலம். அங்கே 2010-இல் திறந்த ஷெர்போர்ன் காமன் பூங்காவை வடிவமைத்த ஃபிலிப்ஸ் ஃபாரெவாக் ஸ்மாலன்பர்க் நிறுவனத்தார் இதற்கு நல்ல வழி கண்டார்கள். குளிர்காலத்தில் சறுக்கும் தளத்திலேயே கோடையில் நீர் பீய்ச்சி அடிக்கும், பிள்ளைகள் நனைந்து ஆடுவார்கள். பருவத்துக்கென்று ஒரு தளம் கட்டுகிறவர்கள் மீதி மாதங்களுக்கும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்; இல்லாவிட்டால் பழைய தொழிற்சாலை போய் அந்த இடத்தில் புதிய பாழ்நிலம் வரும்.

அதே பூங்காவின் கட்டடத்துக்கு அடியில், சுற்றுவட்டாரத்து மழைநீரைப் புற ஊதாக் கதிரால் சுத்தப்படுத்துகிறார்கள். அந்த நீர் உயர்ந்த மூன்று சிற்பங்களிலிருந்து விழுந்து, கால்வாயில் ஓடி, ஒன்டாரியோ ஏரியில் கலக்கிறது.