மூன்று மருந்து, ஒரு மாத்திரை: காப்புரிமைச் சட்டமும் இந்திய அனுபவமும்

கண்டுபிடித்தவருக்குக் குறிப்பிட்ட காலம் தனியுரிமை அளித்தால் புதிய கண்டுபிடிப்புகள் பெருகும் என்பதே காப்புரிமைச் சட்டங்களின் அடிப்படை வாதம். இவ்வாதத்திற்கு இந்திய மருந்துத் தொழிலின் வரலாறு நல்லதோர் உரைகல்லாகும்.

அலிகரில் பிறந்து பெர்லினில் வேதியியல் பயின்ற டாக்டர் குவாஜா அப்துல் ஹமீது 1935இல் பம்பாயில் சிப்லா நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஆங்கிலேயர் இயற்றிய 1911ஆம் ஆண்டுச் சட்டமே நடப்பில் இருந்தது. விடுதலைக்குப் பின்னும் அது நீடித்தது. அதனை ஆராய்ந்து 1959இல் அறிக்கை அளித்தவர் நீதிபதி ராஜகோபால ஐயங்கார். இந்தியக் காப்புரிமைகளுள் 100க்கு 80 முதல் 90 வரை அயல்நாட்டாரிடம் இருப்பதையும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இங்கு உற்பத்திக்கே வராமல் கிடப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். உரிமை பெற்றவரும் தயாரிப்பதில்லை. பிறர் தயாரிக்கவும் வழியில்லை.

அவ்வறிக்கையின் வழிவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்று வகுத்தது. அவ்வுரிமையும் ஏழாண்டுகளுக்கு மேற்படாது. ஆகவே, அதே மருந்தை வேறு வழியில் ஆக்குவதெப்படி என்பதில் நம் வேதியியலாளரின் அறிவு முழுவதும் சென்றது. இதனை நகலெடுப்பு என்று மேலை நிறுவனங்கள் இகழ்ந்தன. அதில் ஓரளவு உண்மையுண்டு. முற்றிலும் புதிய மருந்துகளை நாம் அக்காலத்தில் மிகுதியாகத் தந்துவிடவில்லை.

எனினும் 2001இல் நிகழ்ந்ததை நகல் என்று தள்ளிவிட இயலாது. எயிட்ஸ் நோய்க்கு அப்போது மூன்று மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்டாவுடின் பிரிஸ்டல் மையர்ஸ் நிறுவனத்திடமும், லாமிவுடின் கிளாக்சோவிடமும், நெவிரபின் போரிங்கரிடமும் இருந்தன. (ஸ்டாவுடின் 1960களிலேயே புற்றுநோய் ஆய்வில் உருவான பொருள் என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.) மூவரும் இணங்கினாலன்றி இம்மூன்றும் ஒரே மாத்திரையாக முடியாது. பொருள் காப்புரிமை இல்லாத இந்தியாவில் ஹமீதின் மைந்தர் யூசுப் ஹமீது தலைமையில் சிப்லா அம்மாத்திரையை உருவாக்கியது. ட்ரையோமியூன் என்பது அதன் பெயர். மேலைநாடுகளில் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேலிருந்த சிகிச்சையை 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் அந்நிறுவனம் அறிவித்தது. ஆப்பிரிக்காவின் ஏழை நோயாளிக்கு விலைக்குறைவு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் பல மாத்திரைகள் ஒன்றானதும். தனியுரிமை தடுத்து வைத்திருந்த ஒரு புதுமை, அது இல்லாத இடத்தில் பிறந்தது என்றே நாம் கருதுகிறோம்.

உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கைக்கு இணங்க 2005இல் பொருள் காப்புரிமை மீண்டும் வந்தது. பழைய மருந்தின் சிறு மாற்றத்திற்குப் புது உரிமை கோருவதைத் தடுக்கும் 3(டி) பிரிவையும் நாடாளுமன்றம் சேர்த்தது. நோவார்ட்டிஸ் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவின்படியே கிளீவெக் மருந்துக்குக் காப்புரிமை மறுத்தது. ஆயினும் புதிய கூட்டு மருந்துகளுக்குப் பல உரிமையாளரின் இசைவு தேவையாயிற்று. அவ்விசைவுகளை ஓரிடத்தில் திரட்டித் தரவென்றே 2010இல் ஜெனீவாவில் தனியாக ஓர் அமைப்பை ஏற்படுத்த நேர்ந்தது.