பழைய ஃபைபர் படகும் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் சரித்திரமும்

நெய்வேலிக்காரன் படகைப் பற்றி எழுதுகிறானா என்று வகுப்பில் சிரிப்பீர்கள், தெரியும். நம்ம டவுன்ஷிப்பில் பழுப்பு நிலக்கரி உண்டு, கடல் இல்லை. ஆனால் வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகப் பஸ் பிடித்தால் கடலூர் ஒன்றும் தூரமில்லை. தேவனாம்பட்டினத்தில் நண்பனின் சித்தப்பா தன் பழைய ஃபைபர் படகை விற்பதற்காகச் சரிசெய்துகொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் ஒரு சரித்திரப் பாடமே கிடைத்தது.

முதலில் கட்டுமரம். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது, மரத்தைக் கயிற்றால் கட்டுவதுதான். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைப்பார்கள், ஏனென்றால் மரம் தண்ணீர் குடித்து கனத்துவிடும். ஒரு கட்டை உளுத்துப்போனால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம். கட்டுமரத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நல்ல மரம் அரிதாகி, விலையும் ஏறியபோது மாற்று தேடினார்கள். 1979-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சென்னையில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், துறைமுகம் இல்லாத நம் கரைக்கு ஏற்ற படகைத் தேடியது. அலையைத் தாண்டவேண்டும், மணலில் ஏறவேண்டும், இன்ஜினும் வேண்டும். பல வடிவங்களைச் செய்து பார்த்தார்கள். கண்ணாடி நாரைப் பாலியெஸ்டர் ரெசினில் ஊறவைத்துச் செய்யும் ஃபைபர் படகுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைப் பிடித்தன. (1940களிலேயே அமெரிக்காவில் படகுக்கு வந்துவிட்ட பொருள் இது. நமக்குத்தான் தாமதம்!)

பிறகு 2004 டிசம்பர் 26. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கட்டுமரங்கள் சுக்கு நூறாயின. அரசும் தொண்டு நிறுவனங்களும் புதுப் படகு கொடுத்தார்கள், பெரும்பாலும் ஃபைபர். நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் படகு வேண்டுமென்றால் அவசரம் வரும். தரம் குறைந்த படகுகள் வந்துவிட்டன, தேவைக்கு மேலும் வந்துவிட்டன என்று அப்போதே எச்சரித்தார்கள். அந்தக் காலத்துப் படகுகளுக்கு இப்போது இருபது வயது. சித்தப்பாவுடையதும் அப்படி ஒன்று.

ஃபைபர் உளுக்காது என்பதுதான் அதன் பெருமை, அதுதான் சிக்கலும். மணலில் இழுத்து இழுத்து அடிப்பகுதியின் ஜெல்கோட் தேய்ந்து நார் வெளியே தெரியும். அது வழியாகத் தண்ணீர் ஏறும். அடுக்குகள் உள்ளுக்குள் பிரியும், மேலே கொப்புளம் கட்டும். அதன்மேல் பட்டி பூசி, நீல பெயிண்ட் அடித்தால் போதும், படகு புதுசு மாதிரி மின்னும். வாங்கியவன் நடுக்கடலில் தெரிந்துகொள்வான்.

சித்தப்பா செய்த விதம் வேறு. தேய்ந்த இடத்தை நல்ல நார் தெரியும்வரை கிரைண்டரால் அரைத்தார், ஓரங்களைச் சரிவாக. (அந்தத் தூசி உடம்பில் பட்டால் ராத்திரி முழுக்க அரிப்பு, அனுபவம் பேசுகிறது.) உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவினார். அப்புறம் நாலைந்து நாள் சும்மா காயவிட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஈரத்து மேல ரெசின் போட்டா ஒட்டாதுப்பா, ஒட்டின மாதிரி நடிக்கும்" என்றார். பிறகு ரெசினில் அளவாக ஹார்டனர் கலந்து, சின்ன மேட்டிலிருந்து பெரிய மேட்டாக அடுக்கி, ரோலரால் காற்றுக் குமிழை விரட்டினார்.

பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை. வாங்க வருகிறவர் பார்த்தபிறகுதான் என்றார். வீட்டில் சண்டை, பெயிண்ட் அடித்தால் விலை கூடுமே என்று!

பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் வந்தார். பையிலிருந்து ஐந்து ரூபாய்க் காசை எடுத்து அடிப்பகுதி முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் டங் என்று கேட்கும், அடுக்கு பிரிந்த இடத்தில் மொத்தென்று. பின்பலகைக்குப் பக்கத்தில் ஓரிடம் மொத்தென்றது.

"அண்ணே, இங்க?"

"ஆமாப்பா, அதை நான் விட்டுட்டேன்" என்று சித்தப்பா கிரைண்டரை மறுபடி எடுத்தார். விலையில் கொஞ்சம் குறைத்தார்கள். அடுத்த வாரம் படகு போய்விட்டது. பெயிண்டை வாங்கியவரே அடித்துக்கொள்வாராம், பச்சையாம்.